மாமாவின் வெள்ளைக் கோடுகள்

என் அக்காவின் வீட்டுக்காரர் படித்த முட்டாள். படிக்காத முட்டாளாக இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லிப் புரியவைத்திருக்கலாம். இவர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கில நாளிதழை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்பு வரை ஒரு வரி விடாமல் படிப்பவர். ஆகவே அவருக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றும் கிடையாது. நான் மாமா என்று கூப்பிடுகிற அந்த மனிதர்தான், மைசூருக்கு மேலே பறக்கும் ஜெட் விமானங்கள் அக்காவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கின்றன என்று கண்டுபிடித்தார்.

அதை என்னிடமே வந்து சொன்னார் என்பதுதான் வேடிக்கை. நான் பெங்களூரில் ஜெட் எஞ்சின்களை ஓட்டிப் பார்க்கும் சோதனைக் கூடத்தில் பொறியாளராகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, ஓய்வு பெற்றதும் பிறந்த ஊருக்குத் திரும்பி வந்தவள். அக்ரஹாரத்தில் அக்கா வீடு. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் என் வீடு. எஞ்சினை மேடையில் பூட்டி, முழு வேகத்தில் ஓட்டி, அதன் வாலிலிருந்து என்ன வருகிறது, எவ்வளவு சூட்டில் வருகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. நன்றாக எரியும் எஞ்சினுக்குப் பின்னால் கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. காற்று மட்டும் வெயில் நேரத்துத் தார் ரோடு போல நடுங்கும். ஒருமுறை யாரோ ஒரு புண்ணியவான் அந்த நடுக்கம் வரும் இடத்தில் இரும்புத் தள்ளுவண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எஞ்சின் வேகம் பிடித்ததும் வண்டி எகிறிப் போய் மதிலில் மோதி உருத்தெரியாமல் நசுங்கியது. விசாரணையில் அவர், "காத்து இவ்வளவு வரும்னு யாரும் சொல்லலியே" என்றார். எரிந்த மண்ணெண்ணெய் வாசனை என் தலைமுடியில் குடியிருந்தது. இடது காதில் இப்போதும் ஒரு விசில் ஓயாமல் கேட்கிறது. ஆக, ஜெட் எஞ்சின் விடும் மூச்சைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

மாமாவுக்குப் பாடம் எடுத்தது ஏரிக்கரையில் காலை நடை போகும் கும்பல். எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள். நடப்பது கொஞ்சம், நின்று பேசுவது அதிகம். டிசம்பர் காலைகளில் மைசூர் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். தெற்கே போகும் பெரிய விமானங்கள் மிக உயரத்தில், சத்தமே இல்லாமல், வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போகும். அதைப் பார்த்துவிட்டு ஒருவர், "விஷ ஹாக்தா இதாரே" என்று கன்னடத்தில் சொல்லியிருக்கிறார், விஷம் போடுகிறார்கள் என்று. யார் போடுகிறார்கள், எதற்குப் போடுகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று மாலையே வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கிவிட்டார்கள். தினமும் வானத்துக் கோடுகளைப் படம் பிடித்துப் போட வேண்டும். கோடு சீக்கிரம் கலைந்தால் சாதாரண விஷம், கலையாமல் பரவினால் கடும் விஷம் என்று வகையும் பிரித்தாகிவிட்டது.

நான் மாமாவை உட்கார வைத்துச் சொன்னேன். எண்ணெய் எரிந்தால் நீராவி வரும் மாமா, எரிந்த எண்ணெயின் எடையைவிட அதிகமாகவே வரும். அந்த உயரத்தில் இருக்கிற குளிரில் அந்த ஈரம், எஞ்சின் விடுகிற கரித்துகளைப் பிடித்துக்கொண்டு பனித்துகளாக உறைந்துவிடும். மார்கழிக் காலையில் நீங்கள் வாயைத் திறந்தால் வெள்ளையாக வருகிறதே, ஏறக்குறைய அதேதான். மேலே காற்று உலர்ந்திருந்தால் கோடு உடனே மறையும், ஈரமாக இருந்தால் பரவும். இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர், "நீ அவங்க சம்பளம் வாங்கினவ. நீ வேற எப்படி சொல்லுவே?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் காபி டம்ளரை வைத்த வேகத்தில் மேஜையெல்லாம் சிந்தியது. நான் ஜெட் எஞ்சினுக்கு வக்கீல் இல்லை. அது விடுகிற துகள் எவ்வளவு பொடியானது, ஓடுபாதைக்குப் பக்கத்தில் குடியிருப்பவனும் விமானத்துக்கு அடியில் நின்று பெட்டி ஏற்றுபவனும் தினமும் எதைச் சுவாசிக்கிறான் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கோடுகள் பரவி மெல்லிய மேகமாகி, பூமியின் சூட்டை வெளியே விடாமல் போர்த்திக்கொள்வதும் தெரியும். அதையெல்லாம் சொன்னால் அந்தக் கும்பலுக்குக் கொட்டாவி வரும். ஏனென்றால் அது எல்லாருக்கும் பொதுவான கேடு, அதில் வில்லன் கிடையாது. மேலும் அவர்களில் பாதிப் பேர் வருஷா வருஷம் பிள்ளையைப் பார்க்க அமெரிக்காவுக்கு அதே விமானத்தில், ஜன்னலோரம் கேட்டு வாங்கி, போய்வருகிறவர்கள். விஷம் போடுகிற வண்டியில் ஏறி உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிடுகிறோமே என்று ஒருவருக்காவது உறைத்ததாகத் தெரியவில்லை.

மாமாவுக்கு உறைத்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். துபாயில் இருக்கும் மகள் பேரனின் முதல் பிறந்த நாளுக்கு டிக்கெட் அனுப்பியிருந்தாள். மாமா போகவில்லை. "உங்க அம்மாவைக் கொல்ற சாமான்ல நான் ஏற மாட்டேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டார். மகள் அழுதாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அக்காவின் இருமல் உண்மையானது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. முதலில் காலையில் மட்டும் வந்தது, பிறகு மாடிப்படி ஏறினால் வந்தது, பிறகு பேச்சின் நடுவே வந்து வாக்கியத்தை அறுத்தது. மூச்சு வாங்கும்போது அவள் கழுத்து நரம்பு புடைக்கும். என்னைவிட நான்கே வயது மூத்தவள், என் கண் முன்னால் கிழவியாகிக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

அதற்குக் காரணம் வானத்தில் இல்லை, அக்கா வீட்டுக் கீழ் அறையில் இருந்தது. அக்கா ஊதுபத்தி செய்பவள். கல்யாணமான புதிதில் தானாகத் தொடங்கி, தெருப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, மண்டி மொஹல்லா கடைகளுக்குப் போடுகிற அளவுக்குக் கொண்டுவந்தாள். கரித்தூளும் மரப்பட்டைத் தூளும் பிசைந்து குச்சியில் உருட்டுவது அந்தப் பெண்கள். உருட்டிய குச்சிகள் மொட்டைமாடியில் கோணியின்மேல் காயும். வாசனை சேர்ப்பது அக்கா மட்டும். எந்த எண்ணெயில் எத்தனை சொட்டு என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சேர்த்து முடித்ததும் எரித்துப் பார்ப்பாள். குளித்துவிட்டு, காபி குடிப்பதற்கு முன்னால், காபி குடித்தால் மூக்கு மழுங்கிவிடுமாம், கீழ் அறையின் கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, விசிறியை நிறுத்தி, ஒரு குச்சியைக் கொளுத்திவிட்டுக் கண்ணை மூடி உட்காருவாள். குச்சி அணைந்த பிறகும் எழுந்திருக்க மாட்டாள். அணைந்தபின் சுவரில் தங்குகிற வாசனைதான் கணக்காம். அது பிடிக்கவில்லை என்றால் இன்னொரு கலவை, இன்னொரு குச்சி. முப்பது வருஷத்துக்கு மேலாக இதுதான் அவள் காலை.

மாமா நடை முடித்து வீட்டுக்கு வருவதும் அதே நேரம்தான். "இன்னிக்கு மூணு கோடு!" என்று வாசலிலேயே கத்திக்கொண்டு வருவார். வந்ததும் வராததுமாக வீட்டில் மிச்சம் திறந்திருக்கிற ஜன்னல்களையும் சாத்துவார். இடுக்குகளில் ஈரத்துண்டைச் செருகுவார். மேலேயிருந்து விஷம் இறங்கிவிடக் கூடாதல்லவா! உள்ளே அக்கா புகை மண்டலத்துக்கு நடுவில் இருமிக்கொண்டிருப்பாள். இவர் வெளியே நின்று, "பாத்தியா, இருமல் ஜாஸ்தியாச்சு, கடும் கோடு இன்னிக்கு" என்பார்.

மார்பு டாக்டரிடமும் போனார்கள். நானும் கூடப் போயிருந்தேன். வீட்டில் புகை உண்டா என்று டாக்டர் கேட்டார். "சான்ஸே இல்லை சார். கேஸ் அடுப்பு. நான் சிகரெட்டைத் தொட்டதுகூட இல்லை" என்றார் மாமா, ரொம்பப் பெருமையாக. பொய் சொல்லவில்லை அவர். மைசூர்க்காரன் எவனிடம் கேட்டாலும் அதே பதில்தான் வரும். இந்த ஊரில் ஊதுபத்தி புகை அல்ல, வாசனை. புகை என்றால் லாரி விடுவது, விறகு விடுவது, இப்போது விமானம் விடுவது. நான் குறுக்கிட்டு, "ஊதுபத்தி இருக்கு டாக்டர், நிறைய" என்றேன். "அதெல்லாம் எல்லார் வீட்டிலயும் இருக்கறதுதானே மேடம்" என்று சிரித்தார் அவர். அவர் தலைக்கு மேல் சாமி படத்துக்கு முன்னால் ஒரு பத்தி சுகமாக எரிந்துகொண்டிருந்தது. படிப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

அக்காவிடம் நேராகவும் சொன்னேன். "அந்த ரூம்ல உக்காராதே. ஜன்னலைத் திறந்து வெச்சு எரி, இல்லேன்னா வேற யாரையாவது எரிக்கச் சொல்லு." அவள், "சும்னே பேசாதே, இது ஜலதோஷம்" என்று கன்னடம் கலந்து தட்டிக்கழித்தாள். இன்னொரு நாள், "உங்க மாமா சொல்ற மாதிரி பிளேனாவும் இருக்கலாம், யார் கண்டா?" என்றாள். அவளும் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கு வெறுத்துப் போனது.

அப்போதுதான் தட்டு விவகாரம். குழுவில் யாரோ கொடுத்த யோசனைப்படி மாமா மொட்டைமாடியில் அகலமான எவர்சில்வர் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைத்தார். வானத்திலிருந்து விழுவதைப் பிடிக்கிறாராம். சில நாட்களில் தண்ணீர் வற்றி, தட்டின் அடியில் கன்னங்கரேலென்று ஒரு படிவு சேர்ந்தது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதைப் பத்திரமாகச் சுரண்டி ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, ஜெட் விமானக் கரி என்று எழுதி ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நடைக் கும்பல் முழுவதும் டிபனுக்கு வரும், எல்லாருக்கும் ஆதாரத்தைக் காட்டப்போகிறேன், நீயும் வா, வந்து உன் பதிலைச் சொல்லு என்று எனக்குச் சவாலும் விட்டார்.

போனேன். இட்லி, வடை, சட்னி, காபி, எல்லாம் அக்கா இருமிக்கொண்டே செய்தது. சாப்பிட்டுவிட்டு எல்லாரும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். தட்டுகள் வரிசையாக இருந்தன. அவற்றை ஒட்டினாற்போல, காற்று வருகிற பக்கத்தில், கோணி விரித்து ஆயிரக்கணக்கான கறுப்புக் குச்சிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு காற்றுக்கும் அவற்றிலிருந்து கரித்தூள் மெல்ல எழும்பியது. அத்தனை பேருக்கும் கண் இருந்தது. எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் ஒருவர் புட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மை காட்" என்றார்.

நான் புட்டியைக் கேட்டு வாங்கினேன். கொஞ்சம் தூளைக் கவிழ்த்துத் தட்டின் விளிம்பில் குவித்தேன். சாமி விளக்கடியிலிருந்து எடுத்து வந்திருந்த தீப்பெட்டியால் கொளுத்தினேன். முதலில் பிடிக்கவில்லை, ஊதினேன், கனன்றது. சின்னதாக ஒரு நீலப் புகை எழுந்து சுருண்டு போனது. வாசனை சேர்த்த குச்சிகளும் அங்கேதான் காயும், அதனால் கரியோடு எல்லாம் கலந்திருந்தது. மரிக்கொழுந்து வாசனை மாடியெல்லாம் வீசியது. அக்காவின் மரிக்கொழுந்து. மண்டி மொஹல்லாவில் பேர் சொல்லிக் கேட்டு வாங்குவார்களே, அது.

ஒருவர் மூக்கை உறிஞ்சி, "இது நிம்ம ஊதுபத்தி வாஸ்னே அல்வா சார்?" என்றார், உங்கள் ஊதுபத்தி வாசனைதானே என்று. சிரிப்பு வெடித்தது. பேராசிரியர்தான் உரக்கச் சிரித்தார், ஏதோ தனக்கு முன்பே தெரிந்திருந்த மாதிரி. நான் விடவில்லை. "ஜெட் எஞ்சின் மரிக்கொழுந்து மணக்காது மாமா. முப்பது வருஷம் அதுக்குப் பின்னாடி நின்னவ சொல்றேன். விமானத்தை விடுங்க. உங்க வீட்டு ஜன்னலைத் திறங்க. அவ மூச்சைப் பிடிக்கறது கீழே இருக்கு" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் சொல்லப்போனால், அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு ரொம்ப நாளாகக் கிடைத்ததில்லை.

மாமா சிரிக்கவில்லை, சண்டையும் போடவில்லை. கோணியில் கிடந்த குச்சிகளைப் பார்த்தார், எரிந்த தூளைப் பார்த்தார். ஒரு குச்சியை எடுத்து விரலில் தேய்த்தார். விரல் கறுப்பானது. பிறகு படியிறங்கிக் கீழே போய்விட்டார். விருந்தாளிகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு செருப்பைத் தேடினார்கள்.

நான் சமையலறைக்குப் போனேன். அக்கா மாவு பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாடியில் பேசியது அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கிறது. மெச்சுவாள் என்றா எதிர்பார்த்தேன்? இல்லை. ஆனால் அவள் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எதிர்பார்க்கவில்லை.

"யார்டீ உன்னைக் கேட்டா?"

"உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். உனக்குத் தெரியாதது—"

"எனக்குத் தெரியாதுன்னு உனக்கு யார் சொன்னா?" இருமல் வந்தது. சிங்க்கைப் பிடித்துக்கொண்டு அது போகும் வரை நின்றாள். "முதல் நாள் மூச்சு வாங்கினப்பவே தெரியும். எந்தக் கலவைக்கு ஜாஸ்தி இருமல் வர்துன்னுகூடத் தெரியும். எத்தனையோ வருஷமா அந்த ரூம்ல உக்காந்திருக்கேன், எனக்கா தெரியாது?"

"தெரிஞ்சுமா அந்த மனுஷனை வானத்தைப் பாக்க விட்டே?"

"பாக்கட்டும்னுதான் விட்டேன். அவர் வானத்தைப் பாத்துட்டு இருக்கற வரைக்கும் என் ரூமைப் பாக்க மாட்டார் இல்லே? இதுனாலதான்னு தெரிஞ்சா ஒரு நாள் விட மாட்டார், அன்னிக்கே எல்லாத்தையும் மூடிடுவார். உனக்கு அவரைத் தெரியாது."

அவள் விடவில்லை.

"உன் காது போச்சுன்னு டாக்டர் சொன்னப்ப நீ எஞ்சினை விட்டியா? ரெண்டு காதுலயும் பஞ்சை வெச்சுட்டு மறுநாளே போய் நின்னியே. அப்ப அப்பா எவ்வளவு கத்தினார். நான் ஒரு வார்த்தை சொன்னேனா உன்னை?"

சொல்லவில்லைதான். ஆனால் காதும் மூச்சும் ஒன்றா? காது போனால் கத்திப் பேசுவார்கள். மூச்சு போனால் என்ன செய்வது? அதைச் சொல்ல வாயெடுத்தபோது கீழ் அறையில் கண்ணாடி உரசும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஓடினோம். அவள் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

மாமா அலமாரியிலிருந்து வாசனை எண்ணெய்ப் புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. அழுதுகொண்டே அடுக்கினார், மூக்கைத் துடைக்கவில்லை. "தினம் தினம் நானே சாத்தினேனே. துண்டு வேற செருகினேன்" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். அக்கா வாசற்படியிலிருந்து, "வேணாம்ரீ. விடுங்க. அதைக் கீழே வைங்க" என்றாள். அவர் காதில் வாங்கவே இல்லை. எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர்; முட்டாள்தனத்தையும் அப்படித்தான் செய்தார், இதையும் அப்படித்தான் செய்தார். மறுநாளே எண்ணெயெல்லாம் மண்டி மொஹல்லா வியாபாரி ஒருவரிடம் போய்விட்டது. குச்சி உருட்டும் பெண்கள் வேறு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அறைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் பெயிண்ட்டும் அடித்துவிட்டார். சுவரில் தங்கியிருந்ததுகூட இப்போது இல்லை.

நடைக் கும்பல் இன்னும் கோடு எண்ணுகிறது. மரிக்கொழுந்து சமாசாரத்தை மறந்துவிட்டார்கள். பேராசிரியர் புதிதாக ஏதோ ஒரு நீலக் கோட்டைக் கண்டுபிடித்திருக்கிறாராம். மாமா அந்தப் பக்கம் போவதில்லை. அக்கா பக்கத்திலேயே இருக்கிறார், அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு. சாமிக்குக்கூட விளக்கு மட்டும்தான்.

நான் சொன்னது சரி. அன்றும் சரி, இன்றும் சரி. கண்ணுக்கு முன்னால் இருப்பதை விட்டுவிட்டு ஆகாயத்தைக் குற்றம் சொன்ன அந்தக் கூட்டத்தை இன்றைக்குப் பார்த்தாலும் அதேதான் சொல்வேன். மழைக்காலம் முடிவதற்குள் அக்காவின் இருமல் பாதியாகக் குறைந்தது. பிறகு இரவில் எழுந்து உட்காருவது நின்றது. கருவியில் ஊதவைத்துப் பார்த்த டாக்டர் தன் மருந்தின் திறமையை மெச்சிக்கொண்டார். போன வாரம் அவளும் நானும் சாமுண்டி மலையில் நந்தி வரைக்கும் படியேறினோம். மெதுவாகத்தான், ஆனால் எங்கேயும் உட்காரவில்லை.

மேலே போய் நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு மனம் நிறைந்திருந்தது. "ஒரு இருமல்கூட வரலை, பாத்தியா?" என்றேன்.

"ஆமா" என்றாள். நன்றாக இழுத்து ஒரு மூச்சு விட்டுக் காட்டினாள், குழந்தை டாக்டரிடம் காட்டுவது போல. "மூச்சு நல்லா வர்து. எதுக்கு வர்துன்னுதான் தெரியலை."